டெலஸ்கோப்புக்கு முக்காடு

ஆன்லைனில் விற்கும் 60 மி.மீ. டெலஸ்கோப்புப் பெட்டிகள் சிலவற்றில், ஒரு ரூபாய் நாணய அளவில் கருப்புக் கண்ணாடி ஒன்றும் சேர்ந்து வரும். ஓரத்தில் ‘சன்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதை ஐபீஸின் அடியில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின் அடியில் திருகிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று டெலஸ்கோப் வாங்கிய வீடுகளில் முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கண்ணாடியைத் தேடியெடுத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவதுதான். அப்படியே குப்பையில் எறிந்தால் வேறொரு பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

காரணம் எளிய கணக்கு. முன்லென்ஸின் குவியத் தூரம் 700 மி.மீ. என்றால், குழாய்க்குள் விழும் சூரிய பிம்பத்தின் அகலம் ஆறரை மி.மீ.தான், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. 60 மி.மீ. வட்டத்தில் விழுந்த வெயில் முழுவதும் அந்த மிளகுக்குள் அடங்குகிறது. ஏறக்குறைய 85 மடங்கு செறிவு. அந்தக் குவியத்துக்குப் பக்கத்தில்தான் கருப்புக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. சூடேறி விரிசல் விட்டால், கண்ணை எடுக்க நேரமிருக்காது. விழித்திரையில் வலி உணரும் நரம்பும் கிடையாது. சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து, பார்வையின் நட்டநடுவில் ஒரு கறை நிற்கும்போதுதான் தெரியும்.

அதற்காகச் சூரியனைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். இரவுக்கான டெலஸ்கோப்பைப் பகலுக்கு மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. பாரிஸின் லெரெபூர் - செக்ரடான் நிறுவனம் செய்த ஆறு அங்குல லென்ஸ் டெலஸ்கோப் ஒன்று 1850-ல் சென்னை வானாய்வகத்துக்கு வந்தது. இரட்டை விண்மீன்களையும் சனிக் கிரகத்தையும் அதில் பார்த்தார்கள். 1898-ல் கிரப் நிறுவனத்தார் அதையே சூரியனைப் படமெடுக்கும் கருவியாக மாற்றியமைத்தார்கள். அது கொடைக்கானல் போய்ச் சேர்ந்தது. அந்த மலையில் 1904 முதல் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்களை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, வெளிச்சம் குழாய்க்குள் நுழையும் முன்பே தடுப்பது. இன்னொன்று, ஐபீஸில் கண்ணே வைக்காமல் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைப்பது. குடும்பத்துக்கு இரண்டாவதுதான் தோது. கண் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், காசும் செலவில்லை.

முன்மூடியில் சிறிய இரண்டாவது மூடி இருந்தால் அதை மட்டும் கழற்றினால் போதும். உள்ளே போகும் வெயில் குறையும். ஐபீஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் உருகும். ‘ஹெச்’ என்று குறித்த பழைய வகை நல்லது. அதில் லென்ஸ்களைப் பசை வைத்து ஒட்டியிருக்க மாட்டார்கள். 20 மி.மீ. ஐபீஸுக்குப் பின்னால் ஓரடி தள்ளி அட்டையைப் பிடித்தால், பத்து சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் வந்து விழும். அந்த அளவில் நம் பூமி ஒரு ரவைத் துகள்! கரும்புள்ளி ஒன்று கடுகளவு தெரிந்தால், அதற்குள் பூமியையே போட்டுவிடலாம். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். காபி குடிக்க உள்ளே போகிற வேலை வேண்டாம்.

முதல் வழிக்குச் சோலார் ஃபிலிம் வேண்டும். ஏ4 அளவுத் தாளாகக் கிடைக்கிறது. உறையில் 5.0 என்ற எண் இருக்க வேண்டும். வெயிலில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுவது அதுதான். 3.8 என்று போட்டது கேமராவுக்கானது, கண்ணுக்கு ஆகாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சி.டி. எல்லாம் பாட்டி காலத்துக் கிரகண வைத்தியம். இங்கே பேச்சே கிடையாது.

டெலஸ்கோப்பின் வாயைச் சுற்றிச் சார்ட் அட்டையை நாலைந்து சுற்று ஒட்டி, இறுக்கமான வளையமாகச் செய்துகொள்ள வேண்டும். இரண்டு அட்டை வட்டங்களுக்கு நடுவே ஃபிலிமை வைத்து அதன் முகப்பில் ஒட்டினால் முக்காடு தயார். ஃபிலிமை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டக் கூடாது. சுருக்கம் இருந்தாலும் படம் கெடாது. போட்டபின் மூன்று இடத்தில் டேப் ஒட்டுவது கட்டாயம். ஆடிக்காற்றுக்கு அட்டை வளையம் எம்மாத்திரம்? ஒவ்வொரு தடவையும் மாட்டுமுன் பல்புக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் அது இனி உதவாது.

எல்லோரும் மறப்பது ஃபைண்டரை. குழாயின் முதுகில் இருக்கும் அந்தக் குட்டி டெலஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பெரியதை மூடிவிட்டோம் என்ற நிம்மதியில் இருக்கும்போது, சின்னவன் அதில் கண்ணை வைத்துவிடுவான். சூரியனைக் குறிவைக்க நிழலே போதும். குழாயின் நிழல் குறுகிக் குறுகி வட்டமானால், குறி சரி.

கம்மாபுரம் போன்ற ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. மலை மறைக்காத சமவெளி. காலை எட்டு மணிக்கெல்லாம் கிழக்கில் சூரியன் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். ஆனால் எல்லோரும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குத்தான் ஓடுகிறார்கள். சூடேறிய சிமென்ட் தளத்திலிருந்து எழும் காற்று, பிம்பத்தைக் கொதிக்கும் உலைபோல ஆட்டிவிடும். வயல் வரப்போ, புல்தரையோ நூறு பங்கு மேல். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் இப்பகுதியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அப்போது டெலஸ்கோப்பைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எட்டிலிருந்து பத்து மணிக்குள் முடித்துவிடலாம்.

ஃபிலிம் வழியே தெரியும் சூரியன் மஞ்சளாக இருக்காது, பால்வெள்ளை. படங்களில் வரும் தீப்பிழம்பும் தெரியாது. அதற்கு ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி வேண்டும். அதன் விலைக்குப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். கரும்புள்ளிகளே போதும். ஒரு நோட்டில் தினமும் ஒரே அளவில் வட்டம் போட்டு, புள்ளி இருக்கும் இடத்தைக் குறித்துத் தேதி எழுதி வந்தால், அது நாளுக்கு நாள் நகர்வது தெரியும். ஒரு விளிம்பில் முளைத்தது மறு விளிம்பில் மறைய ஏறக்குறைய 13 நாள். சில புள்ளிகள் நடுவழியிலேயே கரைந்துவிடும். சில, பின்பக்கம் சுற்றிவிட்டு மறுபடி வந்து நிற்கும்.

2031 மே 21 அன்று மதுரை வழியாகக் கங்கணக் கிரகணம் போகிறது. கடலூர் மாவட்டத்தில் வளையம் தெரியாது; ஆனால் சூரியனில் பெரும்பகுதி மறையும். இன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு அதற்குள் வட்டம் போட்ட நோட்டுகள் பல சேர்ந்திருக்கும். ஃபிலிமை மட்டும் அன்றைக்குப் புதிதாக வாங்கிவிட வேண்டும்.