மகனின் கப்பலுக்கு எந்தத் தின்னர்?



ஓலைத்தொடுவாய்க் கரையில் வள்ளங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்னக் கப்பலொன்று செய்திருக்கிறான். "உம்மா, எனாமல் கட்டியா இருக்கு. தின்னர் வாங்கித் தாங்க" என்கிறான். கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டுவிடாதீர்கள். வாகனங்களுக்கு ஸ்பிரே அடிக்கும் என்.சி. தின்னரைத் தந்துவிடக் கூடும்.

மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியின் உடைந்த துண்டொன்றில் அந்தத் தின்னரை ஒரு சொட்டு விட்டால், அந்த இடம் கரைந்து குழியாகிவிடும். ரெஜிபோமும் கப்பல் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், பொலிஸ்டைரீன். பல நாள் பாடுபட்டு ஒட்டிய கப்பல் இளகிச் சுருங்கினால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியுமா?

எண்ணெய் எனாமலுக்கு மினரல் டர்பன்டைன் என்று கேளுங்கள். மூடியொன்றில் கொஞ்சம் பெயின்ட் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கலந்து, பால் பதம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு பூச்சுக் காய ஒரு நாளாவது விடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று மண்ணெண்ணெய் கலந்தால் பிசுபிசுப்புப் போகாது; தூரிகை கழுவ மட்டும் அது உதவும்.

வேலை முற்றத்தில் நடக்கட்டும், அடுப்படியில் வேண்டவே வேண்டாம். மீதியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பார்வைக்குத் தண்ணீர்தான். சிறு பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.