ரயிலை நிறுத்தியவரை ஏசாதீர்!



2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் நிறுத்தப்பட்டன. சென்னைக்குச் சரக்கெடுக்கக் கிளம்பிய கள்ளக்குறிச்சி வியாபாரிக்கு அன்றைய பிழைப்பு போனது. ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால், அந்தப் பாலத்தின் மீது ரயில் ஓடியிருந்தால்?

பதில் அரியலூரில் இருக்கிறது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. வெள்ளம் கரையை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு மெகபூப்நகரில் பாலம் இடிந்து 112 பேர் இறந்தபோதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே விட்டார். அவரது நாணயத்தை மேடைதோறும் பேசுகிறோம். அந்த இரவில் ரயிலை நிறுத்த ஒருவரும் இல்லையே என்பதை யாரும் பேசுவதில்லை!

2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். சுமார் 800 பயணிகளுடன் வந்த திருச்செந்தூர் ரயிலை நிலைய அதிகாரி மேலே செல்ல விடவில்லை. செய்துங்கநல்லூர் வழியில் ஜல்லி அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் இரண்டு நாள் தவித்தார்கள், பசித்தார்கள், ஆனால் வீடு திரும்பினார்கள்.

நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். 2005 அக்டோபரில் ஆந்திராவின் வேலிகொண்டாவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது பெரிய நதியல்ல. உடைந்த ஏரியின் தண்ணீர்! கல்வராயன் மலையில் கொட்டும் மழை கோமுகியிலும் மணிமுக்தாவிலும் பாய்கிறது. வழியெங்கும் ஏரிகள். கீழே சின்னசேலம் – விருத்தாசலம் பாதை. ஏரிக்கரை உடைந்தால் தாசில்தாருக்குத் தகவல் போகிறது. ரயில் நிலையத்துக்கு அதே நிமிடம் போகிறதா? இதற்கு மாவட்ட நிர்வாகமும் சேலம் கோட்ட ரயில்வேயும் பதில் சொல்ல வேண்டும். சின்னசேலம் – கள்ளக்குறிச்சி புதிய பாதையின் பாலங்கள் பழைய மழைக் கணக்கில் அமையாமல், 2024 வெள்ளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் கேட்போம்.

இளைஞர்களே, பாதையோரம் மண் சரிவதைக் கண்டால் வேடிக்கை பார்க்காமல் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு ஓடுங்கள். முடியாவிட்டால் 139-க்குப் பேசுங்கள். வணிகர் சங்கங்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி ஆட்சியரிடம் நேரில் கொடுக்கட்டும்.