மேஜைக்கடியில் இடமில்லையா?

கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமென்று பேச்செடுத்ததும், பணம் எங்கே என்று கேட்பவர் வீட்டுக்காரர். இடம் எங்கே என்று கேட்பவர் வீட்டுக்காரி. அவர் கேள்வியைவிட இவர் கேள்விதான் கடினமானது. பீரோவும் தையல் யந்திரமும் கிரைண்டரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஃபிளாட்டில், அந்தப் பெரிய இரும்புப் பெட்டியை எங்கே வைப்பது?

இதற்கு ஒரு வழி உண்டு. 2001-ல் தைவானைச் சேர்ந்த வியா கம்பெனி, 17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மதர்போர்டை வெளியிட்டது. சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடும் அளவு. மினி ஐ.டி.எக்ஸ். என்று பெயர். பிற்பாடு இன்டெல் கம்பெனி அதையே மெலிய வைத்தது. ஒயர் செருகும் பின்பக்கத்தின் உயரம் 25 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. 'தின்' மினி ஐ.டி.எக்ஸ். என்பது இதுதான். மெமரி நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் போடும் அதே சிறிய மெமரிதான். மின்சாரம் தரும் பெட்டி உள்ளே கிடையாது. அடாப்டராக வெளியே போய்விட்டது.

என் தங்கை வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் லேப்டாப்பில் மெமரி கெட்டது. அது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மெமரி. மாற்ற முடியாது, வேறு வாங்குங்கள் என்றார்கள் பழுது பார்க்கும் கடையில். "என்ன அண்ணா நியாயம் இது? குக்கரில் காஸ்கெட் போனால் குக்கரையே தூக்கிப் போடுகிறோமா?" என்றாள். டியூஷன் பணத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து இந்தச் சின்னக் கம்ப்யூட்டரைக் கோத்துவிட்டாள். இனி எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையல்ல. நைலக்ஸ் புடவை மட்டும் அன்றைக்கு வேண்டாம், பருத்தி நல்லது. உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்குச் சத்துரு. அவ்வப்போது பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். பிராசசரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் போர்டிலுள்ள குறியோடு பொருத்தி, மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தவே கூடாது. இன்றைய இன்டெல் போர்டுகளில் மயிரிழைக் கம்பிகள் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வைத்த பணம் போச்சு. அதன்மேல் துவரம்பருப்பு அளவுக்குப் பசை, பிறகு விசிறி. மெமரியைச் சாய்வாகச் செருகி, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை படுக்க வைத்தால் சரி. டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 மெமரி ஏறாது. வெட்டு வேறிடத்தில் இருக்கும். பலம் காட்ட வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். மெலிந்த பெட்டிக்குள் காற்றோட்டம் குறைவு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடு ஏறும். ஆகவே இன்டெல் பிராசசரென்றால், பெயர் முடிவில் 'டி' என்ற எழுத்துள்ள 35 வாட் ரகமாகப் பாருங்கள். விசிறியும் குட்டையானதாக, அந்தப் பெட்டிக்குள் அடங்குவதாக இருக்கட்டும்.

பையன் பெரிய பெரிய விளையாட்டெல்லாம் ஆட வேண்டுமென்று கேட்டால் இது உதவாது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு உள்ளே இடமில்லை. பாட்டரியும் இல்லாததால், வீட்டில் இன்வர்ட்டரோ யு.பி.எஸ்ஸோ இல்லையென்றால் கரண்ட் போனதும் பாடம் நின்றுவிடும்.

அடாப்டர் விஷயம் மிக முக்கியம். பல போர்டுகளுக்கு 19 வோல்ட் வேண்டும். சில 12 வோல்ட்டும் ஏற்கும். போர்டோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பதே வேதவாக்கு. முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் வேறு எதையாவது செருகினால் போர்டு கருகிப் போகலாம். என் தங்கை தன் அடாப்டர் ஒயரில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறாள். அது அவள் மாமியாருக்கும் தெரியும்.