ஊர் நடுவே ஓர் உலக அதிசயம்

உலக அதிசயங்கள் எவை என்று வினவினால் பள்ளிச் சிறுவரும் தயங்காது விடை கூறுவர். எகிப்தின் பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், ஆக்ராவின் தாஜ்மகால் என அப்பட்டியல் நீளும். சேலத்திற்குத் தெற்கே, ஊரின் நடுவில் ஒரே பாறையாய் ஓங்கி நிற்கும் நாமக்கல் மலை அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அம்மலையைச் சுற்றி வாகனங்கள் விரைகின்றன, வணிகம் நடக்கிறது. நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே அது கருத்தில் படாமல் போயிற்று. தொன்மைச் சின்னங்களுக்குப் பகைவரின் படையைவிட, அருகில் வாழ்வோரின் பாராமுகமே பெரும்பகை என்பதை வரலாறு மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது.

கழித்துச் செய்த கலை

நாமக்கல் மலையின் ஒருபுறம் நரசிம்மர் குடைவரையும் மறுபுறம் அரங்கநாதர் குடைவரையும் உள்ளன. இவை கி.பி. எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் மரபினர் காலத்தில் குடையப்பட்டவை. அரங்கநாதர் பாம்பணையில் பள்ளிகொண்ட கோலமும், ஓரடியால் வானளக்கும் திரிவிக்கிரமன் தோற்றமும், இரணியனை வீழ்த்தும் நரசிம்மரின் சீற்றமும் மலையின் உடலிலேயே வடிக்கப்பட்டுள்ளன.

கட்டடக்கலை கூட்டலால் ஆவது; கல்லின்மேல் கல் வைத்து எழுப்புவது. குடைவரைக்கலையோ கழித்தலால் ஆவது. வேண்டாத பாறையை நீக்க நீக்க, தூணும் சுவரும் சிற்பமும் வெளிப்படுகின்றன. கட்டுமானத்தில் ஒரு கல் பழுதுபட்டால் வேறொரு கல்லை வைக்கலாம். குடைவரையில் உளி ஒருமுறை தவறினால் மாற்றுக் கல்லுக்கு இடமில்லை. சோர்டான் நாட்டின் பெட்ரா நகரச் சிற்பிகளுக்கு மென்மையான மணற்பாறை வாய்த்தது. நாமக்கல் சிற்பிகளோ கடும்பாறையில் பணி செய்தனர். அளவால் பிரமிடுக்கு ஈடாகாவிடினும், துணிவாலும் துல்லியத்தாலும் இக்குடைவரைகள் வியப்புக்குரியன.

எழுத்தே சான்று

அரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு உள்ளது. இக்கோயிலை அது 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று குறிக்கிறது. ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் குடிப்பெயர், சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இப்பகுதியில் விளங்கியதற்கு இக்கல்வெட்டு சான்றாகிறது. அவ்வெழுத்துகள் சிதைந்திருந்தால், மலையைக் குடைந்தவர் யாரென்பது வெறும் ஊகமாகவே எஞ்சியிருக்கும்.

ஒரு சிறு கல்வெட்டின் ஆற்றலை அறிய அதே மரபினரின் மற்றொரு சான்று உதவும். அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் 'சதியபுத்திரர்' என்போரையும் குறிப்பிடுகின்றன. இவர்கள் யார் என்பது குறித்து அறிஞர்கள் நெடுங்காலம் கருத்து வேறுபட்டனர். 1981ஆம் ஆண்டு திருக்கோவிலூருக்கு அருகில் சம்பை என்னும் ஊரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதில் சதியபுத்திரன் என்னும் பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரும் ஒருங்கே இருந்தன. நெடுநாள் புதிரை ஒற்றை வரி அவிழ்த்தது.

அதிசயங்கள் அழிந்த விதம்

பண்டைக் கிரேக்கர் போற்றிய ஏழு அதிசயங்களுள் இன்று எஞ்சியிருப்பது கீசாவின் பெரும்பிரமிடு மட்டுமே. அதன் மேற்புறத்தை மூடியிருந்த பளபளப்பான சுண்ணாம்புக்கற்களும் இடைக்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கெய்ரோ நகரக் கட்டடங்களுக்குப் பயன்பட்டன. ஆலிக்கர்னாசசு நகரின் புகழ்மிக்க கல்லறை மாளிகை நிலநடுக்கங்களால் சரிந்தது. எஞ்சிய கற்களைக் கொண்டு அருகிலேயே கோட்டை கட்டினர். அக்கற்களை எடுத்தவர்கள் அதிசயத்தை அழிக்க எண்ணியவர் அல்லர். அவர்தம் கண்ணுக்கு அது வெறும் கல்லாகத் தெரிந்தது, அவ்வளவே.

புதுப்பித்தலும் பொறுப்பும்

"கோயில் அருங்காட்சியகம் அன்று, மக்கள் வழிபடும் இடம். அதைப் புதுப்பிப்பதில் தவறென்ன?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. வழிபாடு தொடர்ந்ததனால்தான் பல கோயில்கள் இன்றும் நிலைத்துள்ளன. ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் சரியும் மதிலைத் தாங்குவதும் கடமைகளே. ஆனால், கல்வெட்டின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசுவதும், மணலை விசையுடன் பாய்ச்சித் தூணைத் தூய்மை செய்வதும் புதுப்பித்தல் ஆகா. மணல்வீச்சு அழுக்கை மட்டும் நீக்குவதில்லை. கல்லின் மேற்பரப்பையே அரித்து எழுத்தின் விளிம்பையும் சிற்பத்தின் நுட்பத்தையும் மழுக்கிவிடுகிறது.

சேலம் மாவட்டத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகளின் கலையார்வத்தைக் காட்டுவது. அங்கே ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. சிங்கத்தின் வாயினுள் கல்லுருண்டை உருள்கிறது. அச்சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால், எத்தனை பொருள் செலவிட்டாலும் அதனை முன்போல் இணைத்தல் இயலாது. குடைந்தவன் உளிக்கு மறுவாய்ப்பு இல்லாதது போலவே காப்பவன் கைக்கும் மறுவாய்ப்பு இல்லை.

சட்டமும் மனமும்

தொன்மைச் சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு ஈராண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது. எனினும், ஒவ்வொரு தூணுக்கும் ஒரு காவலரை நிறுத்துதல் இயலாது. பாறையில் தன் பெயரைக் கீறும் இளைஞன், அதே பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் எழுத்தைப் படிக்கக் கற்றிருந்தால் கீறியிருக்கமாட்டான். ஆகவே, காவலின் தொடக்கம் கல்வியே ஆகும்.

ஒவ்வோர் ஊர்ப் பள்ளியும் தன்னூர்க் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் மாணவர் கண்டறிந்து, படமெடுத்து, குறிப்பெழுதி வைக்க வழிகாட்ட வேண்டும். திருப்பணி நடைபெறும்போது எழுத்துள்ள கற்கள் இவை என எடுத்துரைக்க அப்பதிவு உதவும். பிரமிடின் உயரத்தை அறிந்த மாணவர், தம் ஊர் மலையைக் குடைந்த மரபின் பெயரையும் அறிதல் வேண்டும். அப்பெயரை அறிந்தோர் நடுவே அந்த மலை வெறும் கல்லாகிவிடாது.