இரும்புக் கொம்பு பூண்ட வண்டிகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். முன்னாளில் 45 என்ற எண்ணால் வழங்கிய அந்தத் தேசிய நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டுச் சந்திப்பிலோ விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியிலோ சிறிது நேரம் நின்று பார்ப்பவர் எவரும் ஒரு விஷயத்தைக் கவனியாதிரார். பெரிய ஜீப்புகளிலும் கார்களிலும் பல, கம்பெனி கொடுத்த முகத்தோடு வருவதில்லை. அம்முகத்துக்கு முன்னால் தடித்த இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு. கூண்டின்மேல் இரண்டு விளக்குகள். ஒரு கோடியில் கட்சிக் கொடி. பின்புறத்தில் சிலர் மற்றோர் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஸ்டெப்னிச் சக்கரத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

முன்னால் இருப்பதைப் "பம்பர்" என்றே நம்மவர் சொல்லுகிறார்கள். வாஸ்தவத்தில் அது பம்பர் அன்று. பம்பர் என்பது வண்டியோடு பிறந்த உறுப்பு. மோதினால் தான் நசுங்கி, அதிர்ச்சியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி, உள்ளே இருப்பவனையும் எதிரே அகப்பட்டவனையும் கூடியவரையில் காப்பது அதன் வேலை. இந்தக் கூண்டோ நசுங்காமலிருப்பதையே தன் பெருமையாகக் கொண்டது. அது நசுங்காதபொழுது வேறு ஏதோ ஒன்று நசுங்கியே தீரவேண்டும் அல்லவா? ரஸ்தாவைக் கடக்கும் கிழவியின் இடுப்போ, பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுவனின் மார்போ அதுவாக இருக்கிறது.

இது கற்பனையன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. அவர்களில் 32,825 பேர் கால்நடையாகச் சென்றவர்கள். இருசக்கர வண்டியில் சென்றவர்கள் இன்னும் அதிகம். இவர்களில் எத்தனை பேரை இரும்புக் கூண்டு கொன்றது என்று பிரித்துச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் நமது நெடுஞ்சாலை கிராமங்களின் நடுவே ஓடுகிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல். நடுத்திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே கடப்பதுதான் ஜனங்களின் வழக்கம். இத்தகைய சாலையில் வண்டியின் முன்புறம் எவ்வளவு மெத்தென்றிருக்கிறதோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்க வழியுண்டு.

"மற்றவர் பாடு எப்படியானாலும் என் வண்டிக்கும் எனக்கும் பத்திரம்" என்று எண்ணுவோரும் ஏமாறுகிறார்கள். காற்றுப்பை எந்தக் கணத்தில் விரியவேண்டும் என்பதை, மோதலின் அதிர்ச்சி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளக்கும் உணர்கருவிகளைக் கொண்டே கம்பெனி நிர்ணயம் செய்கிறது. அந்தக் கணக்கு வண்டியின் முன்பாகம் இன்னவாறு மடங்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. பட்டறையில் செய்த கூண்டைச் சட்டத்தின் இரண்டு நுனியிலும் முடுக்கிவிட்டால் கணக்கு தவறுகிறது. பை தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். 2019 ஜூலை முதல் தேதிக்குப்பின் தயாரான கார்கள் யாவற்றிலும் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயம். அதற்கும் சேர்த்து விலை கொடுத்து வாங்கியவர், மேலும் பணம் கொடுத்து அதைப் பயனற்றதாக்கிக்கொள்வது என்ன சிக்கனமோ நாமறியோம்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், முன்புறக் கூண்டுகள் இப்பிரிவுக்கு விரோதமானவை என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொல்லிற்று. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 52-வது பிரிவின் தடையை உறுதிப்படுத்தித் தீர்ப்புக் கூறிற்று. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது இரண்டும் என்று ஏற்பட்டது. இத்தனைக்கும் பின்னர் இக்கூண்டுகள் பகிரங்கமாக விற்கப்படுகின்றன; பகிரங்கமாகப் பொருத்தப்படுகின்றன.

இந்தக் கருவிக்கு நியாயமான உபயோகமே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் இரவில் கங்காரு குறுக்கே பாய்ந்து வண்டியின் ரேடியேட்டர் உடைந்தால், உதவிக்கு ஆள் கிடைக்க வெகுதூரம் போகவேண்டும். அங்கே இது வளர்ந்தது. அந்நாட்டில் இதற்கென்று தர நிர்ணயமும் உண்டு. ஐரோப்பிய யூனியனோ 2005-இலேயே, பாதசாரிகளுக்கு ஏற்படும் ஹானியைச் சோதித்துத் தேறாத முன்புறக் கூண்டுகளுக்கு இடமில்லை என்று விதித்துவிட்டது. நம் நாட்டிலும் கோவாவில் 2014 முதல் நடந்துவரும் மழைக்காட்டுப் போட்டியைப்போன்ற களங்களில், சேற்றிலும் பாறையிலும் வண்டியை ஏற்றுகிறவர்களுக்குக் கனத்த பம்பரும், இழுவைச் சுருளும், கொக்கியும் வேண்டியிருக்கின்றன. போட்டிக் களம் வேறு; திண்டிவனம் பஸ் நிலையம் வேறு.

களத்துக்கென்றே வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பம்பர் வண்டியின் அடிச்சட்டத்தில், கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே பொருந்தவேண்டும். சட்டத்தை அறுத்தோ அதன்மேல் பற்றவைத்தோ மாட்டும் பட்டறையைவிட்டு உடனே வெளியேறுக. இழுக்கும் கொக்கி தகட்டில் அல்ல, சட்டத்தோடு சேர்ந்த பாகத்தில் இருக்கவேண்டும். தகட்டில் மாட்டிய கொக்கி அறுந்து பறந்தால் அது பீரங்கிக் குண்டுக்குச் சமானம். எடையைக் கேட்டறியாமல் வாங்கவே கூடாது. முன்சக்கர வில்கள் சுமக்கவேண்டிய பாரம் கூடினால் வண்டி தலை தாழும். பிரேக்கு பிடிக்கும் தூரமும் நீளும். மாட்டியபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவது கட்டாயம்.

பின்புறத்து ஸ்டெப்னித் தாங்கியின் விஷயம் இதனின்று வேறு. (ஸ்டெப்னி என்ற இச்சொல்லே, வேல்ஸ் தேசத்து லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவிலிருந்த ஒரு பட்டறையின் பெயரால், 1904-ஆம் ஆண்டையொட்டி வழக்கில் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை.) தார், பொலேரோ, கூர்க்கா, ஜிம்னி முதலிய வண்டிகளில் அச்சக்கரம் பின்கதவிலேயே கம்பெனியால் அமைக்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்கு வேறு தாங்கி எதற்கு? கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போடுகிறவர்களுக்கு, அப்பாரத்தைப் பின்கதவின் கீல்கள் தாங்கா என்ற ஒரு காரணம் உண்டு. சக்கரத்தை அடிவயிற்றில் சுமக்கும் வண்டிகள் கரட்டு நிலத்தில் அதை இடித்துக்கொள்வதும் உண்மையே. அப்பொழுதுங்கூடக் கவனிக்கவேண்டியது கீலும் தாழ்ப்பாளுமே. கிரீஸ் செலுத்தக்கூடிய தடித்த சுழலச்சு, திறந்த கையை நிறுத்தும் தடை, குலுக்கத்தில் விடுபடாத தாழ்ப்பாள் ஆகிய மூன்றும் இல்லையேல், முழுச் சக்கரமும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்மேல் விழும் நாள் தூரத்தில் இல்லை. எண்பலகையும் பின்விளக்குகளும் மறையக் கூடாது. எடை மாறுவதால் 52-வது பிரிவு இங்கும் குறுக்கே வரும். ஆகையால் கம்பெனியே அனுமதித்த தாங்கியன்றி வேறெதையும் மாட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலரை எழுத்துமூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுவது விவேகம். இல்லையேல் விபத்து நேர்ந்த அன்று இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஆட்சேபம் கிளப்பும்.

வெள்ள காலத்தை ஒரு சமாதானமாகச் சிலர் சொல்லுகிறார்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்ததும், அதற்கடுத்து அரசூரில் சாலையின்மேல் வெள்ளம் பாய்ந்து திருச்சிப் போக்குவரத்து நின்றதும் நம் ஜில்லாவினர் மறக்கக்கூடியவையல்ல. ஆனால் அன்று பயன்படக்கூடியவை உயர்ந்த சக்கரமும், உறுதியான கயிறும், கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியும். முன்புறக் கூண்டு எந்த வெள்ளத்தில் யாரைக் கரை சேர்க்கும்?

உள்ளதைச் சொன்னால், இக்கூண்டு யானைக்காகவோ வெள்ளத்துக்காகவோ மாட்டப்படுவதன்று. மனிதர் ஒதுங்குவதற்காக மாட்டப்படுவது. இவ்விடத்தில் நமது தேசத் தொண்டர்களை, எக்கட்சியினராயினும் சரி, நேராகவே கேட்க விரும்புகிறோம். ஜனங்களின் வாக்குக்காகக் கைகூப்பிச் செல்லும் வண்டி, அதே ஜனங்களை நோக்கி இரும்புக் கொம்பை நீட்டிக்கொண்டு செல்வது எவ்விதத்தில் பொருந்தும்? சாதாரணக் குடியானவனின் வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தும் அதிகாரி, கொடி கட்டிய வண்டியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி செய்தவர்கள் யார்? சட்டத்தை இயற்றும் இடத்துக்குப் போக ஆசைப்படுகிறவர், முதலில் தம் வண்டியிலிருந்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றட்டும். அதற்கு ஒரு ஸ்பானர் போதும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் நாம் சொல்லுவது இதுவே: ஒரு மாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிடுங்கள். அவகாசம் முடிந்த மறுநாள், முதற்சோதனை சர்க்கார் வண்டிகளிலும் கட்சிக் கூட்டங்களுக்கு வரும் வண்டிகளிலும் நடக்கட்டும். பொருத்தும் பட்டறைகளுக்கும் எழுத்தில் எச்சரிக்கை போகட்டும். அந்தத் தொழிலாளிகளின் பிழைப்புக் கெடுமே என்று இரங்குவோர்க்கு ஒரு பதில் உண்டு. கார் மோதினால் அடியில் புகுந்துவிடாதபடி லாரிகளின் பின்புறம் தாழ்ந்த தடுப்புக் கம்பி இருக்கவேண்டுமென்று விதி இருக்கிறது. அது வளைந்தும் ஒடிந்தும் கிடக்கும் லாரிகளுக்கு இந்தச் சாலையில் குறைவில்லை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்களில் பின்விளக்கோ ஒளிப்பட்டையோ இல்லாதவையும் பல. அதே இரும்பு, அதே கைகள். இரண்டு ஜில்லா முழுமைக்கும் வேண்டிய வேலை அங்கே காத்துக்கிடக்கிறது.