கிராமி மேடையில் பந்தி வஞ்சனை

லிண்டா மார்ட்டெலுக்கு முதன்முதலாகக் கிராமி பரிந்துரை கிடைத்தபோது வயது 83. அமெரிக்கக் கன்ட்ரி இசைக்குத் தலைமைப்பீடம் போன்ற நாஷ்வில் நகரத்து ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ மேடையில் பாடிய முதல் கறுப்பினப் பெண் தனிப்பாடகி அவர். பாடிய ஆண்டு 1969. மறு ஆண்டு அவருடைய ‘கலர் மீ கன்ட்ரி’ ஆல்பம் வந்தது. அதை வெளியிட்ட கம்பெனியின் பெயர் ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணைகளுக்கு வழங்கிய பெயரையே ஒரு கறுப்பினப் பாடகியின் தட்டில் அச்சிட்டார்கள். அவர் முகம் சுளித்தும் பெயர் மாறவில்லை. வாய்ப்புகள் வற்றிப்போய், பின்னாளில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 2024 நவம்பரில் வெளியான கிராமி பட்டியலில் அவர் பெயர் எந்தப் பிரிவில் இருந்தது தெரியுமா? ராப் பிரிவில்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் பியான்சேயின் ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பம். அதில் ‘ஸ்பகெட்டி’ என்ற பாட்டின் தொடக்கத்தில் மார்ட்டெலின் குரல் வருகிறது. இசையை வகை பிரிக்கும் வழக்கத்தை லேசாகக் கிண்டல் செய்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள, பாட்டு ராப் நடையில் ஓடுகிறது. அதனால் பரிந்துரையும் ராப் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பியான்சேக்கு அந்த ஆண்டு கிடைத்த 11 பரிந்துரைகளும் இந்த ஒரே ஆல்பத்துக்குத்தான். பாப், ராப், கன்ட்ரி, அமெரிக்கானா என்று நாலா திசையிலும் சிதறிக் கிடந்தன.

2025 பிப்ரவரி 2, லாஸ் ஏஞ்சலிஸ். காட்டுத்தீயில் நகரத்தின் பல பகுதிகள் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான உறையைப் பிரித்து டெய்லர் ஸ்விஃப்ட் பெயரைப் படித்ததும் கேமரா பியான்சே பக்கம் திரும்பியது. வாய் பிளந்து, விழி விரிந்து, நாற்காலியோடு நாற்காலியாக உறைந்துபோயிருந்தார். அன்றைய நாளுக்கு முன்பே 32 கிராமி வாங்கியவர் அவர். வேறு எவரிடமும் அத்தனை இல்லை. அப்படிப்பட்டவருக்கே நம்ப முடியவில்லை என்றால், அது தன்னடக்கத்தால் வந்த திகைப்பு என்று நான் நினைக்கவில்லை. கன்ட்ரி வட்டாரம் தன்னை எப்படி நடத்தியது என்ற நினைப்பு அந்த முகத்தில் இருந்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. மேடையேறியவர், வகைமை என்பது சில நேரம் கலைஞர்களை அவரவர் இடத்தில் உட்கார வைப்பதற்கான ஏற்பாடாகிவிடுகிறது என்ற பொருளில் பேசினார். விழாவின் கடைசியில், தீயணைப்புப் படையினர் கையால் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதையும் வாங்கியபோது அதை மார்ட்டெலுக்குச் சமர்ப்பித்தார். 1999-இல் லாரின் ஹில் வாங்கிய பிறகு அந்த விருது வேறு எந்தக் கறுப்பினப் பெண்ணுக்கும் போகவில்லை.

இந்தப் பந்தி பிரிப்பு கிராமிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1920-இல் ஓகே கம்பெனி வெளியிட்ட மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி புளூஸ்’ இசைத்தட்டு எக்கச்சக்கமாக விற்றதும், கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது வியாபாரிகளுக்கு உறைத்தது. அவர்களுக்கென்று ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள். தென்மாநிலங்களின் வெள்ளையினக் கிராமத்தாருக்கு ‘ஹில்பில்லி’ என்று இன்னொன்று. இரண்டு சாராரும் ஒரே ஊர்களில் வாழ்ந்து, ஒரே பாட்டுகளை, ஒரே கிட்டாரில் வாசித்தவர்கள். ஓப்ரியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவரான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். கன்ட்ரி என்றதும் நினைவுக்கு வரும் பாஞ்சோ வாத்தியமோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியே அமெரிக்கா வந்தது. ஆனாலும் கடை அலமாரி இரண்டாகவே நின்றது. 1949-இல் பில்போர்ட் பத்திரிகை ‘ரேஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று போட்டது; பெயர் மரியாதையானது, அலமாரி நகரவில்லை. 1959-இல் 28 பிரிவுகளோடு முதல் கிராமி விழா நடந்தபோது, விருது கொடுப்பவர்கள் அந்த அலமாரியைப் பெரும்பாலும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

இதன் பலனைப் பியான்சே 2016-இலேயே அனுபவித்தார். அவருடைய ‘டாடி லெஸன்ஸ்’ பாட்டைக் கன்ட்ரி பிரிவில் அனுப்பியபோது, கிராமியின் கன்ட்ரி குழு அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு நாஷ்வில்லின் கன்ட்ரி இசைச் சங்கமான சி.எம்.ஏ.வின் விருது விழாவில் அவர் அதைப் பாடியபோது ரசிகர்களில் ஒரு பகுதியினர் இணையத்தில் கொதித்தார்கள். 2024-இல் அவருடைய ‘டெக்ஸஸ் ஹோல்ட் எம்’ பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் எந்தக் கறுப்பினப் பெண்ணும் அங்கே போனதில்லை. அந்த ஆண்டு சி.எம்.ஏ. ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பத்துக்குத் தந்த பரிந்துரைகள் பூஜ்யம். ராப் பக்கமிருந்து கன்ட்ரிக்குத் தாவிய வெள்ளையினப் பாடகர் போஸ்ட் மலோனுக்கு நான்கு. ஷபூஸி என்ற கறுப்பினப் பாடகருக்கும் அப்போது பரிந்துரை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வந்தவர் பணிந்து வந்தாரா, உரிமையோடு வந்தாரா என்பதும் அங்கே கணக்கில் உண்டு.

பியான்சே வென்ற நான்கு மாதத்தில், 2025 ஜூனில், கிராமியை நடத்தும் ரெக்கார்டிங் அகாடமி ஓர் அறிவிப்பு செய்தது. இனிக் கன்ட்ரி ஆல்பத்துக்கு இரண்டு விருதுகள்: ‘மரபு’ ஒன்று, ‘சமகாலம்’ ஒன்று. இந்தக் கோரிக்கை பல ஆண்டுகளாகவே மேசையில் இருந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆர் அண்ட் பி, புளூஸ் ஆகியவற்றில் இப்படிப்பட்ட பிரிவினை ஏற்கெனவே உண்டு என்பதும் உண்மை. ஆனால் பந்தியில் ஒருவர் வந்து உட்கார்ந்தவுடன் பக்கத்தில் இன்னொரு பந்தி விரித்தால், பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? மரபுக் கன்ட்ரிக்கு அடையாளமாக அகாடமி அடுக்கும் வாத்தியங்களில் ஸ்டீல் கிட்டார், ஃபிடில், மாண்டலின் வரிசையில் பாஞ்சோவும் இருக்கிறது. ‘டெக்ஸஸ் ஹோல்ட் எம்’ தொடங்குவதே பாஞ்சோவில்தான். அதை வாசித்த ரியானன் கிடன்ஸ், அந்த வாத்தியத்தின் கறுப்பின வேர்களை எடுத்துச் சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்.

அப்படியானால் பிரிவுகளையெல்லாம் தூக்கிவிடலாமா? முற்போக்காகத் தோன்றும் இந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. அகாடமி அதைக் கொஞ்சம் செய்தும் பார்த்தது. 2011-இல் 109 பிரிவுகளை ஒரே மூச்சில் 78 ஆக வெட்டினார்கள். வெட்டுப்பட்டவை எவை? லத்தீன் ஜாஸ், ஹவாய் இசை, அமெரிக்கப் பழங்குடி இசை, லூசியானாவின் ஸைடெகோ-கேஜன். பாப் பிரிவிலும் சில போயின, ஆனால் பாப் பாடகர் எவரும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. ஹவாயின் மெல்லிய கிட்டார்க்காரரும் லூசியானாவின் அக்கார்டியன்காரரும் ஒரே விருதுக்கு மல்லுக்கட்டும்படி ‘வட்டார வேரிசை’ என்று ஒரு பொதுப் பானையில் போடப்பட்டார்கள். லத்தீன் ஜாஸ் கலைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டே அவர்கள் பிரிவு திரும்பியது. ஹவாய்க்காரர்களுக்கு அந்தப் பலம் இல்லை. அவர்களுக்குத் தனி விருது திரும்பவே இல்லை.

நம்மவர்கள் வாங்கிய கிராமிகளை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1992-இல் ‘உலக இசை’ என்ற பிரிவு புதிதாகத் தொடங்கியபோது, முதல் விருதே ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்குப் போனது. அதில் விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் இருந்தன. 2024-இல் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ அதே பிரிவில் வென்றபோது மேடையேறியவர்களில் ஒருவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். 32 ஆண்டு இடைவெளியில் தகப்பனும் மகனும், இருவர் பக்கத்திலும் ஜாகிர். 2025-இல் சென்னையில் வளர்ந்து மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வவுட்டர் கெல்லர்மேனோடும் ஜப்பானியச் செல்லோ கலைஞர் எரு மாட்சுமோட்டோவோடும் சேர்ந்து செய்த ‘திரிவேணி’ ஆல்பத்துக்கு விருது பெற்றார். வேத மந்திரங்களை அடிப்படையாகக் கொண்ட அந்த ஆல்பம் வென்ற பிரிவு ‘நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட்’. பிரிவே இல்லாத ஒரு கிராமியில் இந்த மூன்றும் பியான்சேயோடும் சப்ரினா கார்ப்பென்டரோடும் போட்டியிட்டு வென்றிருக்கும் என்று யாராவது நம்பினால், அவர்கள் நம்பிக்கையை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தப் பந்தியில் பரிமாறுவது எப்படி என்பது வேறு கதை. 90-க்கும் மேற்பட்ட விருதுகளில் ஒரு டஜன் அளவுதான் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வழங்கப்படுகின்றன. சந்திரிகா வாங்கியது, ஜாஸ், செவ்வியல் கலைஞர்கள் வாங்குவது எல்லாம் பிற்பகலில் பக்கத்து அரங்கில், இணையத்தில் பார்ப்பவர்களுக்காக மட்டும். (அங்கேதான் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் மறைவுக்குப் பிறகு ஒலிப்புத்தகத்துக்காக வென்றார், கிராமியின் பிற்பகல் ரசமானது.) 2024-இல் ஒரே நாளில் மூன்று கிராமி வாங்கிய ஜாகிர் உசேன் அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். ஏழு வாரம் கழித்து நடந்த 2025 விழாவின் தொலைக்காட்சி அஞ்சலியில் அவர் பெயர் இல்லை. அகாடமியின் இணையதளப் பட்டியலில் இருந்தது. அதாவது, ஒதுக்கப்பட்ட இடத்தில் இருந்தது.

ராப் இசைக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். 1989-இல் முதல் ராப் விருதை அறிவித்தவர்கள் அதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்றார்கள். வென்ற வில் ஸ்மித்தும் அவர் கூட்டாளி ஜாஸி ஜெஃபும் விழாவுக்கே போகவில்லை. அதே இரவில் புதிதாகத் தொடங்கிய ஹார்ட் ராக்-மெட்டல் விருது, மெட்டாலிகாவைத் தாண்டி, புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவிடம் போய், இன்றுவரை சிரிப்புக்கு ஆளாகிறது. 36 ஆண்டுகள் கழித்து, கென்ட்ரிக் லாமாரின் ‘நாட் லைக் அஸ்’ ஆண்டின் சிறந்த பதிவு, சிறந்த பாடல் உட்பட ஐந்து விருதுகளை அள்ளியது. டிரேக் என்ற சக பாடகரைக் குறிவைத்த பச்சையான வசைப்பாட்டு அது. காளமேகப் புலவரின் வசைக்கவிகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு, கிராமிக்குத்தான் அதிகம். அதே நேரம் ராக் பிரிவைப் பாருங்கள்: சிறந்த ராக் நிகழ்த்துதல் பீட்டில்ஸ், சிறந்த ராக் ஆல்பம் ரோலிங் ஸ்டோன்ஸ். 1970-களில் ஜான் லெனான் கேசட்டில் பதிந்து வைத்த குரலைக் கணினி கொண்டு பிரித்தெடுத்துச் செய்த பாட்டுக்கு 2025-இல் விருது என்றால், வாக்களித்தவர்கள் ராக் இசையைக் கேட்கிறார்களா, திதி கொடுக்கிறார்களா என்றே கேட்கத் தோன்றுகிறது.

வாக்களிப்பவர்கள் மாறாமல் இல்லை. 2024-இல் இருந்த 13,000-க்கும் மேற்பட்ட வாக்காளர்களில் மூன்றில் இரு பங்கினர் 2019-க்குப் பிறகு சேர்ந்தவர்களாக இருந்தார்கள். பரிந்துரைகளை மூடிய அறையில் திருத்திய ரகசியக் குழுக்களில் பெரும்பாலானவை 2021-இல் கலைக்கப்பட்டன. ‘பிளைண்டிங் லைட்ஸ்’ போன்ற பெருவெற்றிக்குப் பிறகும் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்காத பாடகர் தி வீக்எண்ட் கோபித்துக்கொண்டு வெளியேறியதற்குக் கிடைத்த பலன் அது. பொதுப் பிரிவு ஆறும் போக, ஒருவர் மூன்று துறைகளுக்குள் பத்துப் பிரிவுகளில்தான் வாக்களிக்கலாம் என்ற வரம்பும் வந்தது. தெரியாத இசைக்குத் தெரிந்த பெயரைப் பார்த்துக் குத்தும் வழக்கம் இதனால் ஓரளவு குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மாறாமல் இருப்பது வாசல். எந்த ஆல்பம் எந்தப் பிரிவுக்குப் போகும் என்று முடிவுசெய்யும் வகைக்குழுக்கள் இன்றும் பெயரோ காரணமோ சொல்லாமல் இயங்குகின்றன. 2021-இல் கேஸி மஸ்கிரேவ்ஸின் ‘ஸ்டார் கிராஸ்ட்’ ஆல்பத்தைக் கன்ட்ரியிலிருந்து பாப்புக்குத் தள்ளினார்கள். அதே ஆல்பத்தின் ‘கேமரா ரோல்’ பாட்டு மட்டும் கன்ட்ரியிலேயே இருந்தது. அவர் வெள்ளையினத்தவர், நாஷ்வில்லின் செல்லப்பிள்ளை. அவருடைய கம்பெனி அகாடமிக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியும் முடிவு மாறவில்லை. பெரிய கம்பெனி பின்னால் நிற்பவருக்கே இந்த நிலை என்றால், கடிதம் எழுத ஆளில்லாத மார்ட்டெல் போன்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அகாடமியிடம் கேட்க வேண்டியது பிரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ அல்ல. ஓர் ஆல்பத்தை இடம் மாற்றினால் அல்லது திருப்பி அனுப்பினால், எந்த விதியின்படி, என்ன காரணத்தால் என்று எழுதி வெளியிடட்டும். 2016-இல் ‘டாடி லெஸன்ஸ்’ ஏன் கன்ட்ரி இல்லை என்பதற்கு அந்தக் குழுவிடம் ஒரு குறிப்பாவது இருந்தால், அதிலிருந்து தொடங்கலாம்.