நடைபாதையை முதலில் அளந்திடுக

நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் கடைவீதியில் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. கார்களுக்கான இடம் சுருங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் கடைவீதிக்கு வருகிறவர் கடைக்குள் நுழைவது காலால்தானே!

நகரின் மற்ற பல தெருக்களில் நிலைமை வேறு. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும், உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியியல் அமைப்பின் வழிகாட்டி. இங்கோ நடைபாதையை முழங்கால் உயரத்துக்கு எழுப்பி, நடுவில் மின்பெட்டியை நிறுத்தி, மிச்ச இடத்தை பைக்குகளுக்கு விட்டுவிடுகிறோம். முழங்கால் வலியுள்ள பாட்டி அதில் எப்படி ஏறுவார்? வண்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில் நடக்கிறார். ஓட்டுநருக்கும் அது ஆபத்துதான்.

பேருந்தில் போகிறவரும் நிறுத்தம்வரை நடந்தே வருகிறார். நிறுத்தத்தை மறித்து ஆட்டோக்கள் நின்றால் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. பின்னால் மொத்தத் தெருவும் நிற்கிறது. சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கோ ஓரம்கூட மிஞ்சுவதில்லை.

மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய தெருக்களை மூடும்போதே மாநகராட்சி இந்தக் குறைகளைச் சரிசெய்யலாம். முதலில் நடைபாதையை அளந்து ஒதுக்கட்டும். தார் பிறகு போடட்டும்.